கின்சி வீதியும் வன்னிக் காடும்

கொழும்பு 8இல் கின்சி வீதி என்றொரு வீதி உண்டு. பெரியாஸ்பத்திரிக்கும் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கும் அவ்வழியே போவார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக இலங்கையின் மருத்துவ மாணவர்கள் பலர் அந்த வீதியில் நடந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தக் கின்சி யார் என்று கேட்டிருப்பார்கள் என்பது ஐயமே. டாக்டர் டபிள்யூ. ஆர். கின்சி பிரித்தானிய இலங்கையின் பிரதம சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். அவர் பெயரை மருத்துவ வரலாற்றில் நிலைநிறுத்தியது 1881இல் வெளிவந்த ஓர் அறிக்கை. பறங்கிப்புண் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நோயைப் பற்றியது அது. அந்த நோய் அதிகமாகத் தின்ற நிலங்களுள் ஒன்று வன்னி.

தொடர்பு அத்துடன் முடியவில்லை. இலங்கையின் முதலாவது அரச மருத்துவக் கல்லூரி தோன்றியதற்கே வன்னி மக்களின் துன்பம்தான் உடனடிக் காரணம். இதைச் சொன்னால் நம்பாத நண்பர்கள் எனக்கு உண்டு. யாழ்ப்பாணத்தார் மானிப்பாயைச் சொல்வார்கள். கொழும்பார் தங்கள் கல்லூரி மண்டபத்தைச் சொல்வார்கள். கிளிநொச்சியையோ முல்லைத்தீவையோ வவுனியாவையோ மருத்துவக் கல்வியுடன் இணைத்துப் பேச எவரும் நினைப்பதில்லை.

1860களின் வன்னியை மனத்தில் கொண்டுவருவது இன்று எளிதன்று. பண்டாரவன்னியனின் எழுச்சி 1803இல் ஒடுக்கப்பட்ட பின்னர் அப்பிரதேசம் ஆட்சியாளரின் கவனத்திலிருந்து நழுவியது. குளங்கள் உடைந்து கிடந்தன. குளம் உடைந்தால் வயல் போகும். வயல் போனால் சேனைப் பயிரும் குரக்கனும்தான் கதி. வறட்சிக் காலத்தில் குளத்தின் அடிச்சேற்றில் தேங்கிய நீரையே மனிதரும் மாடும் பகிர்ந்து குடித்தனர். கிராமம் கிராமமாக ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். நெடுங்காலம் ஊராக இருந்த இடம் காடாகிப் பெயர் மட்டும் எஞ்சுவது வழக்கமாயிற்று. இதை அரச அதிகாரிகள் கண்டார்கள். வரி குறைந்தபோது இன்னும் தெளிவாகக் கண்டார்கள்.

அவ்வேளை வட மாகாணத்தின் அரச வைத்தியராக, அதாவது கொலோனியல் சேர்ஜனாக, இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் லூஸ். இலங்கையிற் பிறந்த பறங்கியர் சமூகத்தவர். 1866, 67ஆம் ஆண்டுகளில் வட மாகாணத்தைச் சூறையாடிய கொள்ளைநோயாகிய வாந்திபேதி பற்றி அறிக்கை எழுதியவரும் அவரே. வன்னியில் மக்கட்டொகை குறைவதேன் என்று ஆராயும் பணியைத் தேசாதிபதி சேர் ஹேர்குலிஸ் றொபின்சனின் அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்தது.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. பறங்கி என்பது போர்த்துக்கேயரையும் பொதுவாக ஐரோப்பியரையும் குறித்து வந்த சொல். வெளியிலிருந்து வந்தது என்று மக்கள் கருதிய நோய்க்கு அப்பெயரையே இட்டார்கள். வன்னியின் மேற்கே ஓடும் பறங்கி ஆறும் அதே பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆற்றையும் நோயையும் முடிச்சுப் போட நான் முற்படவில்லை. பறங்கி நோயாளியை ஆய்ந்த பறங்கி வைத்தியர் என்ற சொல்விளையாட்டை அக்காலப் பத்திரிகைகள் விட்டுவைத்தனவோ தெரியாது.

இன்றைய மருத்துவம் இந்நோயை யோஸ் என்று வழங்குகிறது. உடலோடு உடல் உரசுவதால், பெரும்பாலும் சிறுவர்களிடையே தொற்றும். முதலில் ஒரு கொப்புளம், பின்னர் உடலெங்கும் புண், ஆண்டுகள் கழிந்தபின் எலும்பிலும் மூட்டிலும் நோவு. உழைக்கவேண்டிய கையும் நடக்கவேண்டிய காலும் பயனற்றுப் போகும். கொல்வதைவிட முடக்குவதே இதன் இயல்பு. ஆகவே வன்னி வெறுமையானதற்குப் பறங்கிப்புண் ஒன்றையே காரணமாகச் சொல்வதை இன்று எவரும் ஏற்கமாட்டார். உயிர்களைக் கொண்டுபோனதில் குளிர்காய்ச்சலாகிய மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் காய்ச்சல் கண்ணுக்குத் தெரியாது. புண் தெரியும். குதிரையில் வந்திறங்கும் அதிகாரியின் கண்ணில் முதலில் பட்டது புண்தான்.

லூஸின் ஆய்விலிருந்து எழுந்த நடைமுறைக் கேள்வி இதுதான்: இம்மக்களுக்கு மருந்து கொடுக்க ஆள் எங்கே? மாகாணம் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க வைத்தியர்களே இருந்தனர். அதுவரை இலங்கை இளைஞர்கள் சிலரை அரச செலவில் கல்கத்தாவிலுள்ள வங்க மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் புலமைப்பரிசில் முறையே இருந்தது. தேசாதிபதி மெக்கன்சியின் காலத்தில், 1830களின் இறுதியில், தொடங்கிய முறை அது. ஆண்டுக்குச் சிலரை அனுப்பி, அவர்கள் திரும்பிவரக் காத்திருந்து, பின்னர் அவர்களைக் காடு மேடெல்லாம் பங்கிடுவது நடக்கிற காரியமா? உள்நாட்டிலேயே வைத்தியர்களைப் பயிற்றவேண்டும் என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்தது. 1870 யூன் முதலாம் நாள் கொழும்பு மருத்துவப் பள்ளி திறந்துவைக்கப்பட்டது. மாணவர் 25 பேர். கல்வி மூன்றாண்டு. முதல்வராக நியமிக்கப்பட்டவர், வன்னியிலிருந்து அறிக்கையோடு திரும்பிய அதே ஜேம்ஸ் லூஸ்.

ஆய்வு செய்தவரையே பயிற்சிக்குத் தலைவராக்கிய அந்த முடிவை நான் வியப்போடு பார்க்கிறேன். இன்று ஆய்வை ஒருவர் செய்வார், பரிந்துரையை வேறொரு குழு எழுதும், பயிற்சித் திட்டத்தை மூன்றாமவர் நடத்துவார். மூவரும் ஒருவரை ஒருவர் காணாமலே ஓய்வு பெறுவார்கள். லூஸுக்குத் தன் மாணவர்கள் எந்த மக்களுக்குத் தேவைப்படுகிறார்கள் என்பது நேரிற் தெரியும். அவருக்குப் பின் முதல்வராக வந்த ஈ. எல். கோக்கின் நினைவாக 1881இல் எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் மருத்துவ பீடத்தின் அடையாளமாக நிற்கிறது. லூஸுக்குக் கோபுரம் இல்லை.

ஆனால் பள்ளி கொழும்பில் இருந்தது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1880இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அதன் தகைமையைப் பிரித்தானிய மருத்துவப் பேரவையே ஏற்றுக்கொண்டது. தரம் உயர்ந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தனர். இங்கிலாந்திலேயே தொழில் செய்யத் தகுதி பெற்ற ஒருவரை முல்லைத்தீவுக்குப் போ என்றால் அவர் என்ன நினைப்பார் என்பதை யாரும் பேசியதாகக் காணோம். வன்னிக்காகத் தொடங்கிய பள்ளி வளர வளர வன்னியிலிருந்து தொலைவாகிக்கொண்டே போயிற்று.

இதே சிக்கலை, அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, ஆனையிறவுக்கு வடக்கே ஒரு மனிதர் எதிர்கொண்டிருந்தார். டாக்டர் சாமுவேல் பிஷ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்த மிசனரி வைத்தியர். மறு ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகமும் நல்ல சம்பளமும் தேடி வெளியே போவதைக் கண்டார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கே வைத்தியம் செய்வார் என்பது அவர் கணக்கு. அதற்காகவே ஒரு நூல்நிலையத்தைத் தமிழில் உருவாக்கினார்: இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று. டன்போர்த், சப்மன் முதலிய அவருடைய மாணாக்கர் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களைப் பயிற்றிவிட்டு 1873இல் தாயகம் திரும்பினார். திரும்பிய பின்னும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடவில்லை. 1884இல் மறைந்தார். கவிஞர் அம்பி அவரைப் பற்றி எழுதிய நூல் நம்மவர் பலருக்குக் கிறீனை மீட்டுத் தந்தது.

கிறீனைத் தமிழ்த் தொண்டராக மட்டும் போற்றுவது நம் வழக்கம். கலைச்சொல்லாக்க முன்னோடி என்போம், மாலை போடுவோம். அவர் தமிழைத் தேர்ந்ததற்கு அடிப்படை மொழிப்பற்று மட்டுமன்று என்பதை மறந்துவிடுகிறோம். வைத்தியரை ஊரில் நிறுத்துவதற்கான வழியாகவும் அவர் தமிழைக் கண்டார். பொதுச் சுகாதாரத் துறையினர் சமத்துவம் என்று இன்று பேசுவதில் பாதி இதுதான். அவர் போனபின் அப்பள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை. கொழும்பு முறையே நிலைத்தது. மானிப்பாய் முறை நிலைத்திருந்தால் வன்னிக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது வரலாறாகாது. ஆயினும் ஊகிக்காமல் இருக்க முடியவில்லை.

கின்சியின் 1881ஆம் ஆண்டு அறிக்கைக்கு வருவோம். நுண்ணுயிர்க் கொள்கை அப்போதுதான் ஐரோப்பாவில் வேரூன்றிக்கொண்டிருந்தது. பறங்கிப்புண்ணுக்குக் கிருமியைக் காட்ட அக்காலத்தவரால் இயலவில்லை. கெட்ட நீர், போதாத உணவு, வறுமை ஆகியவற்றையே சுட்டினர். தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி 1870களில் குளத்திருத்தத்தை ஊக்கியதற்கும் 1873இல் வடமத்திய மாகாணத்தைத் தனியே பிரித்ததற்கும் பின்னணியில் இந்தக் கிராமங்களின் கோலமும் இருந்தது. நோய்க்கு மருந்தாகக் குளத்தைக் கட்டு என்பது அவர்கள் வைத்தியம். பின்னர் 1905இல், கொழும்பிலேயே பணியாற்றிய இத்தாலியரான அல்டோ கஸ்டெல்லானி, அப்புண்களில் சுருளி வடிவான கிருமியைக் கண்டுபிடித்தார். பென்சிலின் வந்தபின் ஓர் ஊசியால் தீரும் நோயாயிற்று. அப்படியானால் நீரையும் சோற்றையும் குறைசொன்ன பழையவர்கள் பிழைத்தார்களா? கிருமி விடயத்தில் ஆம். ஆனால் அதே கிருமி கொழும்புக் கறுவாத்தோட்டத்து வீடுகளை விட்டுவிட்டு வன்னிக் குடிசையில் ஏன் தங்கியது என்ற கேள்விக்கு அவர்களின் விடை இன்றைக்கும் செல்லும்.

1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களின் கையேட்டை வெளியிட்டார். வன்னி பற்றி எழுதுவோர் எல்லோரும் இன்றும் போய்க் கைநனைக்கும் கிணறு அது. காய்ச்சல் அந்நூல் எழுதப்பட்ட வன்னியின் அன்றாட உண்மை. மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பதை றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் நிறுவியது அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1897இல்.

மலேரியாவின் கதை நீண்டது, சுருக்கிச் சொல்கிறேன். 1920களில் எச். எப். கார்ட்டர் என்ற பூச்சியியலாளர் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பே இலங்கையில் முதன்மையான குற்றவாளி என்று காட்டினார். ஆறு வற்றும்போது மணற்படுகையில் எஞ்சும் தெளிந்த குட்டைகளில் முட்டையிடுவது அது. கனகராயன் ஆற்றின் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் குட்டைகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1934, 35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது அது தென்மேற்கு ஈரவலயத்தைத் தாக்கி எண்பதாயிரம் பேரளவில் கொன்றது. அப்போதுதான் நாடு விழித்தது. வன்னியில் ஆண்டு தவறாமல் நடந்தது ஈரவலயத்தில் ஒருமுறை நடந்தபோது அது பேரனர்த்தம் எனப் பெயர் பெற்றது.

அக்காலத்திலேயே அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இங்கு வந்து பொதுச் சுகாதாரப் பயிற்சியில் இறங்கியிருந்தது. கொழுக்கிப்புழு ஒழிப்பில் தொடங்கி, 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்றை நிறுவ உதவியது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்று நாம் இன்று காணும் கட்டமைப்பின் மூலம் அதுவே. இலங்கை வைத்தியர்கள் சிலர் அம்மன்றத்தின் புலமைப்பரிசிலில் அமெரிக்கா சென்று பொதுச் சுகாதாரம் கற்றுத் திரும்பினர். நல்ல திட்டம். பயிற்சிக் களம் களுத்துறை. தலைநகருக்கு அண்மையான கரையோரம். வன்னியில் அப்படியொரு களத்தை அமைக்க எவரும் எண்ணியதாக அறியேன்.

1946இல் டிடிரி வந்தது. எஸ். ராஜேந்திரம் என்ற தமிழ் வைத்தியர் மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர், எஸ். எச். ஜயவிக்கிரமவுடன் இணைந்து அவர் 1951இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை உலக மலேரியா ஆய்வாளர்கள் அறிந்தது. 1946க்கும் 1947க்கும் இடையில் மட்டும் நாட்டின் மரணவீதம் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து 14 அளவுக்கு இறங்கியது. எல்லாம் டிடிரியின் புண்ணியமா, உணவும் ஆஸ்பத்திரியும் பெருகியதன் பலனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வன்னியைப் பொறுத்தவரை ஒன்று உறுதி. 1936இல் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றம் நிலைத்து விரிந்ததற்கு, 1920இல் முற்றுப்பெற்ற இரணைமடுக் குளத்தின் நீரைப் போலவே காய்ச்சல் தணிந்ததும் காரணம். 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். வெற்றி முரசு கொட்டி, தெளிப்பதை நிறுத்தினர். 1968, 69இல் அது இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது.

இனி நான் சொல்லப்போகும் இருவரை மருத்துவ வரலாற்று நூல்களில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். 1977 ஆவணி இனக்கலவரத்தின்பின் மலையகத் தமிழர் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் வந்து காட்டோரங்களில் குடியேறினர். அவர்களிடையே பணிசெய்த இயக்கம் காந்தியம். அதை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வவுனியா வைத்தியர் எஸ். ராஜசுந்தரமும். ஊர் இளம்பெண்களைத் தெரிந்து பயிற்றி முன்பள்ளி நடத்தச் செய்தார்கள். பிள்ளைகளுக்குச் சத்துணவு கொடுத்தார்கள். நடமாடும் வைத்தியம் செய்தார்கள். தோட்டத்து லயத்திலிருந்து வந்து, வன்னிக் காய்ச்சலை முன்பின் அறியாத மக்களுக்கு ஒரு வைத்தியர் தாமே தேடி வந்தார் என்பதன் பொருளை எண்ணிப் பாருங்கள். கிறீன் சொன்ன அதே வழி: ஊராரையே பயிற்று, ஊரிலேயே நிறுத்து. 1983 சித்திரையில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள், வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர்தப்பினார், மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறி, நீண்ட காலம் தமிழகத்தில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். காந்தியம் 83உடன் முடிந்தது. அந்த வேலையைத் தொடர்ந்திருந்தால் வன்னியின் ஆரம்பச் சுகாதாரம் எப்படி அமைந்திருக்கும் என்பது பெரிய கேள்வி. அவரைக் கொன்றவர்களுக்கு எதிராக இன்றுவரை எந்தத் தீர்ப்பும் இல்லை.

யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது வடக்கிற்குப் பெரும் பலம். போர்க்காலத்தில் வன்னிக்கு வைத்தியர் கிடைத்தார்கள் என்றால் அதில் அப்பீடத்தின் பங்கு முதன்மையானது. 1990களில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் கட்டுப்பாடு இருந்த நிலத்தில் மலேரியா மறுபடி தலைதூக்கியது. 1999இல் நாட்டில் 2,64,000க்கு மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவாயினர். போர் நடந்த வடக்கும் கிழக்கும் அதில் பெருஞ்சுமையைத் தாங்கின. நான் அப்போது பத்திரிகை மேசையில் இருந்தேன். இத்தனை உயிர் கொல்லப்பட்டன என்பது முதற்பக்கம். இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பது ஏழாம் பக்கம், அதுவும் விளம்பரம் குறைந்தால். தொழிலின் இயல்பு அது.

அந்த இருளிலும் ஆய்வு நடந்தது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினரும் மலேரியா ஒழிப்பு இயக்கத்தினரும் வடக்கில் உடனடியான சிகிச்சைக்குள்ள தடைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். வவுனியா முகாம் மக்களின் உளநிலை பற்றிய சிறு கட்டுரை அதே ஆண்டில் லான்செற் இதழில் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து போரின் உளத்தாக்கங்களை எழுதத் தொடங்கியிருந்தார். அவரது நூல் 1998இல் வந்தது. வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றிய அவரது ஆய்வு, எல்லாம் முடிந்தபின், 2010இல் வெளிவந்தது. வெளிநாட்டார் வந்து கேள்விக்கொத்து நிரப்பிப் போவதற்கும், அதே மக்களின் மொழியில் அவர்கள் துயரைக் கேட்டு எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர் அதைப் படிக்கலாம். 2008 புரட்டாதியில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டபின், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இறுதிவரை வைத்தியசாலையென ஏதோவொன்றை நடத்திய ஒருசில அரச வைத்தியர்களின் கதையைத் தனியே எழுதவேண்டும். இங்கு ஒரு வரியில் அடக்குவது அவமதிப்பு.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியாவற்றது எனச் சான்றளித்தது. கொழும்பில் விழா நடந்தது. வீடுவீடாக மருந்து தெளித்தவர்களும், சைக்கிளில் இரத்தப் பூச்சுக் கண்ணாடிகளைக் கொண்டு சென்றவர்களும், நுணுக்குக்காட்டியின் முன் நாள்முழுதும் குனிந்திருந்தவர்களும் மேடைக்கு உரியவர்கள் அல்லர் போலும்.

பறங்கிப்புண் போயிற்று, மலேரியா போயிற்று. வவுனியாவின் சில பகுதிகளில் இப்போது பேச்சு சிறுநீரக நோயைப் பற்றியது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முற்றாக விளங்காத நாட்பட்ட நோய். உழவரையே அதிகம் பிடிக்கிறது. ஆய்வாளர்கள் மறுபடியும் வருகிறார்கள். கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துச் செல்கிறார்கள். லூஸும் கின்சியும் நீரைத்தான் முதலில் பார்த்தார்கள் என்பதை அவர்களில் யாருக்கேனும் ஒருவர் சொல்லவேண்டும்.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்களுடன் அது தொடங்கியது. மருத்துவம் அவற்றில் இல்லை.